பிறையும் பூரணையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிலாவைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். பதில்கள் கொழும்பு வானத்துக்குப் பொருந்தும்படி எழுதப்பட்டவை. நேரங்கள் யாவும் இலங்கை நேரம்.

கேள்வி: என் மகன் தரம் 6 இல் படிக்கிறான். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அது பிழை என்று வகுப்பில் ஆசிரியை சொன்னாராம். எனக்கும் சின்ன வயதில் நிழல் என்றுதான் சொல்லித் தந்தார்கள். எது சரி?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஆசிரியை சொன்னதுதான் சரி, அம்மா. நன்றாகப் படித்தவர்கள் பலரிடமும் இந்தப் பிழை இருக்கிறது. கறுப்பாகத் தெரிவதெல்லாம் ஏதோ ஒன்றின் நிழல் என்று மனம் சட்டென்று முடிச்சுப் போட்டுவிடுகிறது.

நிலாவுக்குச் சொந்த ஒளி கிடையாது. சூரியனைப் பார்த்திருக்கும் பாதி எப்போதும் வெளிச்சம், மறுபாதி எப்போதும் இருட்டு. அமாவாசையன்றும் நிலாவின் பாதி வெயிலில்தான் இருக்கிறது, அந்தப் பாதி நமக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். நிலா பூமியைச் சுற்றி வரவர, வெயில் படும் பாதியில் எவ்வளவு நம் கண்ணுக்கு எட்டுகிறது என்பது நாளுக்கு நாள் மாறுகிறது. கீற்றளவு தெரிந்தால் பிறை, சரிபாதி தெரிந்தால் அட்டமி நிலா, முழுதும் தெரிந்தால் பூரணை. கறுப்பாக இருப்பது நிலாவின் சொந்த இரவுப் பக்கம். நாம் இரவில் இருக்கும்போது நம் மேல் வேறு எந்தக் கோளின் நிழலும் விழுவதில்லையே, அதைப் போலத்தான்.

மகனுக்கு இதை நேரில் காட்டலாம். வளர்பிறை அட்டமியன்று மாலை 4 மணிக்கு மரைன் டிரைவுக்கு அழைத்துப் போங்கள். சூரியன் கடற்பக்கம் இருக்கும். முதுகுப் பக்கம் நன்றாக மேலே அரை நிலா நிற்கும். பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில்தான் விழும், ஆகவே அந்த வேளையில் அது கிழக்கு அடிவானத்துக்கும் கீழே இருக்கிறது. நிலாவோ அந்த நிழலிலிருந்து 90 பாகை தள்ளி நிற்கிறது. நிழல் அங்கே எட்டவே முடியாது, ஆனாலும் நிலாவின் பாதி கறுப்பாக இருக்கிறது.

விளிம்பின் வளைவும் அதையே சொல்லும். நிலா இருக்கும் தூரத்தில் பூமியின் நிழல் நிலாவைப் போல் ஏறக்குறைய 2.7 மடங்கு அகலமான வட்டம். அது நிலாவைக் கடித்தால் பெரிய வட்டத்தின் உள்வளைவுதான் விளிம்பில் தெரியும். அட்டமி நிலாவின் விளிம்பு நேர்கோடு. அதற்கு மூன்று நாள் கழித்து வரும் முக்கால் நிலாவின் விளிம்பு வெளிப்பக்கம் புடைத்திருக்கும். உருண்டையான பூமியின் நிழலால் இந்த இரண்டையும் உண்டாக்க முடியாது.

நிழல் உண்மையில் விழும் நாளுக்குப் பெயர் சந்திர கிரகணம். 2025 செப்டெம்பர் 7 இரவு நடந்த முழுக் கிரகணத்தில் நிழலின் விளிம்பு நிலாவைத் தொட்டது இரவு 9.57க்கு. முழு மறைப்பு 11 மணியிலிருந்து 82 நிமிடம் நீடித்தது. அதிகாலை 1.26க்கு எல்லாம் முடிந்துவிட்டது. மூன்றரை மணி நேரத்தில் முடிகிற காரியம் அது. பிறை வளர்ந்து பூரணையாவதற்கோ இரண்டு வாரம் வேண்டும். மாதந்தோறும் கிரகணம் வராததற்குக் காரணம், நிலாவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 பாகை சரிந்திருப்பது. நிலா வானத்தில் அரைப் பாகை அகலந்தான். ஆகவே பெரும்பாலான பூரணைகளில் அது நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ, சில வேளைகளில் பத்து நிலா அகலம்வரை விலகிப் போய்விடுகிறது.

கேள்வி: பிறை வளர்வதைக் காட்ட வகுப்பில் மின்குமிழும் பந்தும் வைத்துச் செய்து பார்த்தேன். பூரணை வரவேண்டிய இடத்தில் பந்து இருண்டு போனது. அரை நிலா 90 பாகையில் வரவில்லை. பிள்ளைகள் குழம்பிவிட்டார்கள். எங்கே பிழை விட்டேன்?
ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் பார்த்தவை இரண்டும் சரியான விளைவுகளே. செயற்பாட்டின் அளவுகள்தான் உங்களை ஏமாற்றியிருக்கின்றன.

முதலில் பந்து. மேசைப்பந்து வேண்டாம். அதன் ஓடு மெல்லியது, வெளிச்சம் ஊடுருவி இருண்ட பக்கத்தையும் ஒளிரச் செய்துவிடும். 5 அல்லது 6 சென்ரிமீற்றர் ரெஜிபோம் பந்து நல்லது. பளபளப்பில்லாத சாம்பல் நிறம் ஒரு பூச்சுப் பூசினால் இன்னும் நல்லது. ஒன்றும் கிடைக்காவிட்டால் தோடம்பழமும் போதும். பென்சில் முனையில் குத்திக்கொள்ளுங்கள். விரலால் பிடித்தால் விரலின் நிழலே பாடத்தைக் கெடுக்கும்.

மின்குமிழுக்கு மறைப்பு வேண்டாம், 9 வாற்று எல்.ஈ.டி. ஒன்றே தாராளம். பிள்ளையின் கண் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். ஜன்னல்களை மூடுங்கள். வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். சுவரிலும் வெள்ளைச் சீருடையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி பந்தின் இருண்ட பக்கத்தை வெளிறச் செய்யும். முன்னால் ஒரு கறுப்புத் துணி போர்த்திக்கொண்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

அரை நிலா இடம் மாறி வந்ததற்குக் காரணம் மின்குமிழின் தூரம். பந்திலிருந்து பார்க்கும்போது மின்குமிழும் உங்கள் கண்ணும் செங்கோணத்தில் இருந்தால்தான் பந்து சரிபாதி வெளிச்சமாகத் தெரியும். மின்குமிழ் 1 மீற்றர் தள்ளி இருந்து, கையை நீட்டிப் பந்தை 60 சென்ரிமீற்றரில் பிடித்தால், அரை நிலா 53 பாகையிலேயே வந்துவிடும். மின்குமிழை 3 மீற்றருக்குக் கொண்டுபோய்ப் பந்தை 40 சென்ரிமீற்றரில் பிடித்தால் 82 பாகை. 6 மீற்றர் நீள வகுப்பறையின் மறுமுனையில் மின்குமிழை வைத்தால் 86 பாகை. உண்மையான சூரியன் நிலாவைப் போல் ஏறக்குறைய 390 மடங்கு தூரத்தில் இருப்பதால் வானத்தில் அது 89.85 பாகை, கண்ணுக்கு 90 தான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சாமோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்டார்க்கஸ் இந்தக் கோணத்தை 87 பாகை என்று கொண்டு, சூரியன் நிலாவைவிடச் சுமார் 19 மடங்கு தூரம் என்று கணக்கிட்டார். விடை பிழை, வழி முழுக்கச் சரி. உங்கள் வகுப்பில் நடந்த “பிழை” அவருடைய அதே முக்கோணம். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு அதையே ஒரு கணக்காகக் கொடுக்கலாம்.

பூரணையில் பந்து இருண்டது உங்கள் தலையின் நிழலால். அது கிரகணம்! பந்தைத் தலைக்கு மேலே ஒரு சாண் உயர்த்திப் பிடியுங்கள், பூரணை வந்துவிடும். நிலாவின் பாதை சரிந்திருப்பதால் மாதந்தோறும் கிரகணம் வருவதில்லை என்பதையும் அதே இடத்தில் சொல்லி முடிக்கலாம்.

மின்குமிழைப் பார்த்து நின்று தொடங்கி, பந்தைப் பிடித்தபடியே இடப்பக்கமாகத் திரும்ப வேண்டும். வலப்பக்கம் திரும்பினால் பிறைகள் தலைகீழ் வரிசையில் வரும். ஒவ்வொரு பிள்ளையும் தானே சுழல வேண்டும் என்பது முக்கியம். ஆசிரியர் பந்தை நகர்த்த, வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பார்த்தால் ஒருவருக்கும் பிறை தெரியாது. பூமியாக நடுவில் நிற்பவருக்கு மட்டுமே தெரியும்.

மின்குமிழே தேவையில்லாத ஒரு முறையும் உண்டு, எங்களுக்கு அதுதான் மிகப் பிடித்தது. வளர்பிறை ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, மாலை 4 மணியளவில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். வானத்தில் நிலா தெரியும். வெயிலில் நின்றபடி, நிலாவுக்குப் பக்கத்தில் வருமாறு பந்தைக் கை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நிலாவில் எவ்வளவு வெளிச்சமோ அதே அளவு, அதே சரிவில் பந்திலும் தெரியும். இரண்டுக்கும் ஒரே விளக்கு. சூரியனை நேரே பார்க்கக்கூடாது என்று மட்டும் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தூரத்தையும் காட்ட விரும்பினால்: பூமி ஒரு கூடைப்பந்து என்றால் நிலா ஒரு டென்னிஸ் பந்து, இரண்டுக்கும் நடுவில் 7 மீற்றருக்குச் சற்று மேல். பாடநூல் படங்களில் இரண்டும் ஒட்டி ஒட்டி இருப்பதுதான் நிழல் பற்றிய குழப்பத்துக்கு ஒரு காரணம். அதே அளவில் சூரியன் 26 மீற்றர் அகலம், 2.8 கிலோமீற்றர் தூரம். கூடைப்பந்தை வெள்ளவத்தைச் சந்தையடியில் வைத்தால் சூரியனைத் தெஹிவளைப் பக்கம் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: கொழும்பில் மூன்றாம் பிறை தோணி போல மல்லாந்து கிடக்கிறது. டொரண்டோவில் இருக்கும் மகள் அனுப்பிய படத்தில் அது எழுந்து நிற்கிறது. ஒரே நிலா இப்படி இரண்டு விதமாகத் தெரியுமா?
வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: தெரியும். வெளிச்சமான அளவு உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். அது எந்தப் பக்கம் சரிந்து தெரிகிறது என்பது பார்ப்பவர் நிற்கும் அகலக்கோட்டைப் பொறுத்தது.

பிறையின் வெளிச்சமான வயிறு எப்போதும் சூரியனைப் பார்த்திருக்கும். கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்றுக் குறைவு. இங்கே சூரியன் கடலுக்குள் ஏறக்குறைய நேர்குத்தாக இறங்குகிறது. சூரியன் போன வழியை ஒட்டியே நிலாவும் பின்னால் வருவதால், மாலைப் பிறை சூரியன் மறைந்த இடத்துக்கு நேர் மேலே நிற்கும். விளக்குக் கீழே இருப்பதால் அடிப்பக்கம் ஒளிர்கிறது, தோணியாகத் தெரிகிறது. டொரண்டோ 43.7 பாகை, லண்டன் 51.5 பாகை. அங்கே சூரியன் சாய்வாகச் சறுக்கி மறையும். நிலா சூரியனுக்கு மேலே நில்லாமல் இடப்பக்கம் தள்ளி நிற்கும். விளக்கு வலப்பக்கம் வந்துவிடுகிறது, பிறை எழுந்து நிற்கிறது. மெல்பேணில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு அது இடப்பக்கம் ஒளிரும்.

கொழும்பிலும் ஆண்டு முழுவதும் ஒரே சரிவு இல்லை. ஜனவரி முதல் ஜூன் வரை தோணி பெரும்பாலும் மட்டமாகக் கிடக்கும். செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் சுமார் 30 பாகை சரிந்து, தெற்குக் கொம்பு தாழ்ந்து வடக்குக் கொம்பு உயர்ந்திருக்கும். அதே மாதங்களில் டொரண்டோவில் பிறை அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக நின்று சீக்கிரம் மறைந்துவிடும். உங்கள் மகள் அடுத்த ஒக்டோபரில் ஒரு படமும் மார்ச்சில் ஒரு படமும் எடுத்து அனுப்பினால் இரண்டும் வேறுபட்டிருப்பதை நீங்களே காணலாம்.

இதிலே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. “வலப்பக்கம் வெளிச்சமானால் வளர்பிறை” என்று சில நூல்களில் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது. இங்கே நிலா சில மாதங்களில் உச்சிக்குத் தெற்காகவும் சில மாதங்களில் வடக்காகவும் போகிறது. மார்கழிப் பூரணை நள்ளிரவில் வடக்கே சாய்ந்து நிற்கும், ஆனிப் பூரணை தெற்கே. நாம் எந்தப் பக்கம் திரும்பி நிமிர்ந்து பார்க்கிறோமோ அதற்கேற்ப வலம் இடம் மாறிவிடும். எங்கும் தவறாத அடையாளம் வேறு: வெளிச்சமான பக்கம் மேற்கே பார்த்தால் வளர்பிறை, கிழக்கே பார்த்தால் தேய்பிறை.

கேள்வி: சில நாள் பகலிலேயே நிலா தெரிகிறது, சில நாள் நடுச்சாமத்தில்தான் வருகிறது. இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?
வாசகி, மட்டக்குளி

பதில்: உண்டு. அந்தக் கணக்கு உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. நிலாவின் வடிவமும் அது உதிக்கும் நேரமும் தனித்தனிச் செய்திகள் இல்லை. சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையில் நாம் காணும் கோணம் ஒன்றே இரண்டையும் தீர்மானிக்கிறது.

அந்தக் கோணத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகையாக வெட்டிய துண்டுதான் திதி. 360ஐ 12ஆல் வகுத்தால் 30 திதி. வானம் முழுச் சுற்று வர 60 நாழிகை என்றால் 12 பாகைக்கு 2 நாழிகை, அதாவது 48 நிமிடம். ஆகவே வளர்பிறையில் திதியின் எண்ணை 48 நிமிடத்தால் பெருக்கினால், சூரியன் மறைந்து எவ்வளவு நேரம் கழித்து நிலா மறையும் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். பஞ்சமி என்றால் 5 தடவை 48, நான்கு மணி நேரம். சூரியன் 6.15க்கு மறைந்தால் நிலா 10 மணியளவில் மறையும். தேய்பிறையில் அதே கணக்கு நிலா உதிப்பதற்கு: தேய்பிறைப் பஞ்சமியில் சூரியன் மறைந்து நான்கு மணி நேரம் கழித்துக் கிழக்கே நிலா வரும்.

அட்டமித் திதியின் நடுவில் கோணம் சரியாக 90 பாகை. வளர்பிறை அட்டமி நிலா நண்பகலில் உதித்து நள்ளிரவில் மறையும், ஆகவே பிற்பகலில் பார்க்கலாம். தேய்பிறை அட்டமி நிலா நள்ளிரவில் உதித்து நண்பகலில் மறையும், ஆகவே காலையில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் அதை மேற்குப் பக்கம் காண்பார்கள். பூரணை சூரியன் மறையும்போது உதிக்கும். மாலை 7 மணிக்குக் கிழக்கு அடிவானத்தில் பிறை எழுந்தது என்று ஒரு கதையில் படித்தால், அதை எழுதியவர் வானத்தைப் பார்த்து எழுதவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

நாளுக்கு நாள் தாமதம் சராசரி 50 நிமிடம். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஒரே நேரத்தில் அடுத்தடுத்த இரண்டு மாலைகள் பாருங்கள், நிலா ஒரு முட்டிக்குச் சற்று மேல் கிழக்கே நகர்ந்திருக்கும்.

கேள்வி: நாட்காட்டியில் போயா ஒரு நாள், பஞ்சாங்கத்தில் பௌர்ணமி மறுநாள் என்று சில மாதம் வருகிறது. உண்மையில் நிலா எந்த நாளில் நிறைகிறது?
வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: பூரணை நாள் முழுவதும் நீடிக்கும் நிலை அன்று, அது ஒரு கணம். சூரியனிலிருந்து நிலா 180 பாகையை எட்டும் அந்தக் கணம் பகல் 11 மணிக்கும் வரலாம், அதிகாலை 3 மணிக்கும் வரலாம். பௌர்ணமித் திதி 168 பாகையில் தொடங்கி 180இல் முடிகிறது. ஆகவே பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரமே நிலா நிறையும் நேரம். திதி பெரும்பாலும் இரண்டு நாட்காட்டி நாட்களில் பரவிக் கிடப்பதால், எந்த நாளை எடுப்பது என்பதற்கு ஒவ்வொரு மரபும் தனக்கென்று விதி வைத்திருக்கிறது. விரதத்துக்கு மாலையில் உள்ள திதியா, சூரிய உதயத்தில் உள்ள திதியா என்பதும் விரதத்துக்கு விரதம் வேறுபடும்.

திதியின் நீளமும் நிலையானதில்லை. நிலா நீள்வட்டத்தில் ஓடுகிறது, பூமிக்குக் கிட்ட வரும்போது வேகம், எட்டப் போகும்போது மந்தம். ஆகவே ஒரு திதி சில வேளை 20 மணி நேரத்திலேயே முடியும், சில வேளை 27 மணி நேரம் வரை இழுக்கும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்க முறைகளுக்கும் திதி முடிவில் சில மணி நேரம் வித்தியாசம் வருவதும் இந்த வேக மாற்றத்தைக் கணிக்கும் முறையால்தான். வானத்தில் காண்பதோடு ஒத்துப் பார்க்க வேண்டுமென்றால் திருக்கணித நேரத்தை எடுங்கள்.

கண்ணுக்கு இந்தச் சண்டை தெரியாது. நிறைந்த கணத்துக்கு ஒரு நாள் முன்னோ பின்னோ நிலாவின் 99 சதவீதம் வெளிச்சமாக இருக்கும். இரண்டு நாள் தள்ளியும் 95க்கு மேல். அட்டமியை ஒட்டியோ ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் மாறிவிடுகிறது. நிலா மூன்று நாள் நிறைந்தே நிற்பது போலவும், பிறகு திடீரென்று தேய்வது போலவும் தோன்றுவது இதனால்.

மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்: 1966 முதல் சில ஆண்டுகள் இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயாவே வாராந்த விடுமுறை. அமாவாசை, வளர்பிறை அரைநிலா, பூரணை, தேய்பிறை அரைநிலா என்று மாதத்துக்கு நான்கு. ஒரு பூரணையிலிருந்து அடுத்தது வரை 29.53 நாள், அதை நான்காக வகுத்தால் 7.38. ஆகவே ஏழு நாளுக்கொரு விடுமுறை என்ற ஒழுங்கு நிலைக்கவில்லை, சில வாரங்கள் நீண்டன. 1971இல் சனியும் ஞாயிறும் திரும்பி வந்தன. நிலாவை வைத்து வாரம் நடத்திய அனுபவம் மிகச் சில நாடுகளுக்கே உண்டு. அந்தக் காலத்து நாட்காட்டி வீட்டில் கிடந்தால் வீசிவிடாதீர்கள்.

கேள்வி: மூன்றாம் பிறையில் கறுப்பான பகுதியும் மங்கலாகத் தெரிகிறதே, எப்படி?
தரம் 8 மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், தம்பி. அது பூமி தரும் நிலவொளி! நிலாவில் நின்று பார்த்தால் அப்போது பூமி ஏறக்குறைய முழு வட்டமாகத் தெரியும். நமக்கு நிலா தெரிவதைவிட 3.7 மடங்கு அகலம். மேகமும் கடலுமாகப் பூமி தன்மேல் படும் வெயிலில் சுமார் 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, நிலாவோ 12 சதவீதந்தான். பூமியில் பட்டுப் போன அந்த ஒளி நிலாவின் இருண்ட பகுதியில் விழுந்து மீண்டும் நம் கண்ணுக்கு வருகிறது. இந்தக் காரணத்தை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லியனார்டோ டாவின்சி தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பிறை வளர வளரப் பூமி தேயும், அட்டமிக்குள் இந்த மங்கல் ஒளி மறைந்துவிடும்.

கேள்வி: அரை நிலா முழு நிலாவில் பாதி வெளிச்சம் தரவேண்டாமா? கமராவில் அளந்தால் அதைவிட மிகக் குறைவாக வருகிறது.
புகைப்படக் கலைஞர், கல்கிசை

பதில்: உங்கள் கமரா சரி. அரை நிலாவின் ஒளி முழு நிலாவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. அரை நிலாவில் வெயில் பக்கவாட்டில் விழுகிறது. ஒவ்வொரு குழியும் மேடும் கல்லும் தூசித் துகளும் தன் நிழலை நமக்குக் காட்டுகிறது. பூரணையில் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருப்பதால் நிழல்கள் எல்லாம் பொருள்களுக்குப் பின்னால் ஒளிந்துவிடுகின்றன.

முழு நிலாவுக்குத் துவாரம் எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் வேகம் 1/100 இல் தொடங்குங்கள். அரை நிலாவுக்கு அதே வேகத்தில் எஃப் 5.6. கைத்தொலைபேசியென்றால் நிலாவைத் தொட்டுக் குவித்து, பிரகாசத்தைக் கீழே இழுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் பொட்டு மட்டுமே மிஞ்சும். குழிகளைப் படமெடுக்கப் பூரணையில் மெனக்கெட வேண்டாம், அன்று நிலா தட்டையாகத் தெரியும். அட்டமியன்று ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை 10×50 இருகண் தொலைகாட்டியால் பாருங்கள். அந்தக் கோட்டில் நிற்பவர்க்கு அது சூரிய உதயம். மலைகளின் நிழல் நீண்டு கிடக்கும், குழிகளின் விளிம்பு மட்டும் வெயிலேறி வளையமாக மின்னும்.

கேள்வி: அமாவாசை கழிந்த முதல் மாலையில் தலைப்பிறையைத் தேடுகிறோம். சில மாதம் தெரிகிறது, சில மாதம் வானம் தெளிவாக இருந்தும் தெரிவதில்லை. எப்படித் தேடுவது?
வாசகர், மருதானை

பதில்: சூரியனிலிருந்து நிலா 7 பாகைக்குள் இருந்தால் எவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் பிறை தெரியாது. கீற்று அறுந்துபோகும் அளவுக்கு மெல்லியதாகிவிடும். 12 பாகையை எட்டினாலும் வட்டத்தின் 1 சதவீதந்தான் ஒளிர்கிறது. அமாவாசைக் கணம் அதிகாலையில் வந்த மாதத்தில் அன்று மாலை நிலாவின் வயது 14, 15 மணி நேரமே இருக்கும், அதைக் காண்பது மிக அரிது. முந்திய இரவு வந்திருந்தால் 20 மணியைத் தாண்டிவிடும், வாய்ப்புக் கூடும். ஆகவே போவதற்கு முன் அமாவாசை முடியும் நேரத்தையும் அன்று நிலா மறையும் நேரத்தையும் பாருங்கள்.

காலி முகத்திடல் போன்ற, மேற்கே மறைப்பில்லாத இடம் வேண்டும். சூரியன் மறைந்த புள்ளியை ஒரு கம்பத்தையோ நங்கூரமிட்ட கப்பலையோ வைத்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவசரப்பட வேண்டாம். சூரியன் மறைவுக்கும் நிலா மறைவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒன்பதில் நான்கு பங்கு கழிந்த பின்னர்தான் வாய்ப்பு அதிகம். இடைவெளி 45 நிமிடம் என்றால் 20ஆவது நிமிடம். அதற்கு முன் வானம் மிக வெளிச்சம், அதற்குப் பின் நிலா கடலோரப் புகைமூட்டத்துக்குள் இறங்கிவிடும். குறித்த புள்ளிக்கு நேர் மேலே ஒரு முட்டி உயரத்துக்குள் தேடுங்கள். செப்டெம்பர், ஒக்டோபரில் சற்று இடப்பக்கமும் பாருங்கள். தொலைகாட்டியால் தேடுவதானால் சூரியன் முழுவதும் மறைந்த பிறகே கண்ணில் வைக்க வேண்டும். ஒரு கணம் சூரியன் உள்ளே பட்டாலும் பார்வை போய்விடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மேகம் பல மாலைகளைக் கெடுத்துவிடும், அதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கண்டால் கொழும்பு பெரிய பள்ளிவாசலின் பிறைக் குழுவுக்கு அறிவிக்கும்போது கண்ட நேரம், கடல் மட்டத்திலிருந்து எத்தனை விரல் உயரம், கொம்புகள் எந்தப் பக்கம் என்ற மூன்றையும் அங்கேயே எழுதிவைத்துச் சொல்லுங்கள். கொம்புகள் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீட்டியிருக்கும். கொம்பு கீழ்நோக்கித் தெரிந்தது என்றால் கண்டது பிறையாக இருக்காது. அடிவானத்தில் வெயில் பட்ட விமானப் புகைக்கோடு பலரை அப்படி ஏமாற்றியிருக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் தொடர்ந்து பாருங்கள், புகைக்கோடு கலைந்துவிடும், பிறை அதே சரிவில் கடலை நோக்கி இறங்கும்.